உம் கொட்டும் வரம்

ஒரு காட்டில், மற்றக் காடுகளில் இல்லாத மரம் ஒன்று இருந்தது. அதில் மாங்காயும் காய்க்காது, புளியங்காயும் காய்க்காது. வரம் காய்க்கும். அதை நட்டவர் சிங்கராஜா. ஆசைப்பட்டு நடவில்லை, தொல்லை தாங்காமல் நட்டார். தினமும் காலையில் குகை வாசலில் யாராவது வந்து நின்றுகொண்டு, எனக்கு ஏன் கொம்பு இல்லை, எனக்கு ஏன் சிறகு இல்லை என்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். படைக்கிற வேலை தன்னுடையது இல்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு விதை வாங்கிவந்து குகைக்கு எதிரே ஊன்றிவிட்டார்.

மரம் காய்த்ததும் காட்டைக் கூட்டி அறிவித்தார்.

"ஒரு கோடையை உயிரோடு தாண்டினால் ஒரு லெவல். ஒரு லெவலுக்கு ஒரு பழம். வலிமைக் கிளை, பதுங்கல் கிளை, பேச்சுக் கிளை, அதிர்ஷ்டக் கிளை, எதில் வேண்டுமானாலும் பறித்துத் தின்னலாம். அடிப்பழத்தைத் தின்னாமல் மேல்பழத்தைத் தொட முடியாது. தின்றது தின்றதுதான், கக்கிவிட்டு வேறு கேட்கக் கூடாது. இனிமேல் இந்தக் காட்டில் ஒரே மாதிரி இரண்டு பேர் இருக்க மாட்டீர்கள். அவரவர் விருப்பம், அவரவர் வளர்ச்சி."

எல்லோரும் வாலை ஆட்டி வரவேற்றார்கள். ராஜா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கஷ்டப்படாமல் வளர்ந்தால் வரத்துக்கு மதிப்பு இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. கோடையில் காடே காய்ந்தாலும் வற்றாத குட்டை ஒன்று அங்கே உண்டு. பாறை இடுக்கு ஒன்றின் வழியாகத்தான் அதற்குப் போக முடியும். அந்த இடுக்கில் ஒச்சப்பன் என்கிற காட்டெருமையைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒச்சப்பனை ஜெயித்தால் தண்ணீர். இல்லையென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போக வேண்டும். பெரிய உருப்படிகள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். குட்டி வைத்திருப்பவர்கள்தான் போகும்போது குட்டியோடு போய், வரும்போது வெறுமனே வருவார்கள்.

முதல் மழைக்குப் பிறகு யாருக்கும் எந்தப் பழத்தைத் தின்பது என்று தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லாம் தெரிந்த ஒருவர் எப்படியும் முளைத்துவிடுவார். இந்தக் காட்டில் முளைத்தவர் தவசி என்கிற கருமந்தி. தவசி ஒரு உயரமான கிளையில் உட்கார்ந்துகொண்டு, யார் எந்தப் பழம் தின்றால் என்ன ஆகும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். அதற்கு 'பில்டு' என்று பெயரும் வைத்திருந்தான்.

"இந்த வருஷம் வலிமை பில்டுதான் ஓடுது. மத்ததத் தின்னா வீணாப்போவீங்க. சொல்லிட்டேன்."

உடனே காடு மொத்தமும் வலிமைக் கிளைக்கு ஓடியது. முயலுக்குத் தோள் திரண்டது. தவளை தண்டால் எடுத்தது. ஆயிரம் வகையாக வளரலாம் என்று ராஜா சொன்னாரே, ஒரு வகையாக வளர்ந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த கோடையில் முயல்களும் தவளைகளும் சேர்ந்து ஒச்சப்பனை முட்டியே தள்ளிவிட்டன. ராஜாவுக்குச் சுருக்கென்றது. இப்படி எல்லோரும் சுலபமாக ஜெயித்தால் எப்படி என்று, மழை வந்ததும் வலிமைப் பழங்களைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறைத்துவிட்டார். இதற்கு 'சமன் செய்தல்' என்று பெயர். ஏற்கனவே தின்றவர்களின் வரமும் அதோடு சேர்ந்து சுருங்கியது. முயலின் தோள் பழையபடி தொங்கிப்போனது. அது நிழல் விழும் பக்கமாகத் திரும்பி நின்று சில நாள் அழுதது.

தவசி அசரவில்லை. "வலிமை காலி. இனிமே பதுங்கல் பில்டு" என்றான்.

காடு மொத்தமும் பதுங்கியது. யானை ஒரு ஆமணக்குச் செடிக்குப் பின்னால் நின்றது, சத்தியமாக யார் கண்ணுக்கும் தெரியவில்லை. புலியும் முயலும் ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொண்டு, இரண்டும் ஒன்றிடம் ஒன்று மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தன. ஒரே புதருக்குள் மான் ஜோடி ஒன்று ஒருவரையொருவர் தேடிக்கொண்டே குடித்தனம் நடத்தியது. அந்தக் கோடையில் எல்லோரும் ஒச்சப்பனின் கால்களுக்கு நடுவே பூனை நடை நடந்து போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராத குடும்பம் ஒன்றே ஒன்று. புருஷன் பெயர் சுருளி, பெண்டாட்டி பெயர் சடச்சி. இரண்டும் எறும்புத்தின்னிகள். உடம்பெல்லாம் செதில், பயம் வந்தால் சுருண்டு பந்தாகிவிடும் ஜாதி. சுருளி பயம் வந்தால் மட்டும் இல்லை, எது வந்தாலும் சுருளுவான். சடச்சி கோபமாக ஒரு வார்த்தை ஆரம்பித்தால் சுருளுவான். அன்பாக ஆரம்பித்தாலும் எதற்கோ அடிபோடுகிறாள் என்று சுருளுவான். மரத்தில் அவன் ஒரு பழம்கூடத் தின்னவில்லை. "இதவிட நல்ல வரம் பின்னால காய்க்கும், அப்ப பாத்துக்கலாம்" என்று தனக்குச் சேர வேண்டிய பழத்தையெல்லாம் பறிக்காமல் அப்படியே விட்டுவைத்திருந்தான்.

வீட்டில் பந்தோடு பேசிப் பேசி அலுத்த சடச்சிக்கு, யாராவது பேச, தான் கேட்க வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. அதனால் அவள் பேச்சுக் கிளையின் அடிப்பழத்தைத் தின்றாள். அதன் பெயர் உம் கொட்டுதல். ஒருவர் கதை சொல்லும்போது சரியான இடத்தில் 'உம்' என்று சொல்ல வரும். அவ்வளவுதான் அந்த வரம். மேலே இருந்த பேரம் பேசுதல், மயக்கிப் பேசுதல் போன்ற பழங்களுக்கு ஆசைப்பட்டவர்கள்கூட அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். சடச்சி மேலே போகவில்லை. அடுத்த மழையில் அதே பழத்தை மறுபடி தின்றாள். 'உம்' போக 'அப்புறம்?' என்று கேட்க வந்தது. அதற்கடுத்த மழையில் மறுபடியும் அதையே தின்றாள். 'அடப் பாவமே' என்று நெஞ்சிலிருந்து சொல்ல வந்தது.

தவசி மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏத்தா, உனக்குக் கிறுக்கா? உம் கொட்டுறதையே மூணு வாட்டி தின்னு என்னத்தக் கிழிக்கப் போற?"

"எனக்குப் பிடிச்சிருக்கு, தின்னேன். உனக்கு என்ன நோவுது?"

"பிடிச்சதெல்லாம் தின்னா பில்டு ஆகாதுத்தா."

அவள் மறுபக்கம் திரும்பிவிட்டாள். அதற்குள் கீரிப்பிள்ளை ஒன்று தன் மாமியார் கதையோடு அவளைத் தேடி வந்திருந்தது. காட்டில் மனக்குறை உள்ளவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். வந்தால் லேசாகித் திரும்புவார்கள். சடச்சி அந்த நாட்களில் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு ஒரு குட்டியும் பிறந்திருந்தது.

இதற்குள் ராஜா பதுங்கலையும் சமன் செய்துவிட்டார். இந்த முறை பழத்தைக் குறைக்கவில்லை. ஒச்சப்பனின் காதைக் கூட்டிவிட்டார். இலை உதிர்ந்தாலும் அவனுக்கு இடி மாதிரி கேட்கும். கோடை வந்தது. பதுங்கி வந்த எல்லோரையும் ஒச்சப்பன் அசையாமல் நின்றபடியே பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினான். தின்ற பழத்தைக் கக்க முடியாது. காடு முனகிக்கொண்டே மலையைச் சுற்றி ஆற்றுக்குக் கிளம்பியது.

சடச்சியின் குட்டி அவ்வளவு தூரம் தாங்காது. அதன் நாக்கு ஏற்கனவே வறண்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சடச்சி அதை வாலில் ஏற்றிக்கொண்டு பாறை இடுக்குக்கே நடந்தாள். சுருளி சருகு சத்தத்துக்கெல்லாம் சுருண்டு சுருண்டு பின்னால் வந்தான்.

"நில்லு" என்றான் ஒச்சப்பன். "ஜெயிச்சாத்தான் தண்ணி. முட்டுறியா, கடிக்கிறியா, என்ன செய்யப் போற?"

சடச்சி அவன் காலைப் பார்த்தாள்.

"என்னண்ணே, குளம்பு இப்படி வெடிச்சிருக்கு?"

ஒச்சப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்தான்.

"பாறையில நின்னு நின்னுதான்" என்றான் மெதுவாக.

"உம்."

"கொஞ்ச நாளைக்கு நில்லுன்னுதான் ராஜா சொன்னாரு. மாத்தி விட ஆள் அனுப்புறேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க அனுப்பினாரு? எங்க கூட்டம் மேற்கு மலைக்குப் போயிருச்சு. தம்பிக்கு அங்கயே சோடி சேத்துட்டாங்க. அண்ணன்காரன் நான் ஒருத்தன் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிடல தாயி."

"அடப் பாவமே."

அது அவள் நெஞ்சிலிருந்துதான் வந்தது. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது. அவனை இதுவரை முட்டினார்கள், கால் நடுவே நுழைந்தார்கள். ஏன் நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவன் மனதில் இருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவனுக்கு ஒரு பழக்கம், நின்றுகொண்டே பேச வராது. நடந்தால்தான் பேச்சு வரும். தம்பியைச் சின்னதில் சேற்றிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். சடச்சி பக்கத்தில் உம் கொட்டிக்கொண்டே நடந்தாள். வாலில் இருந்த குட்டி இறங்கி, காலியாக இருந்த இடுக்கு வழியே தவழ்ந்து போய், குட்டையில் முகத்தை வைத்து வயிறு முட்டக் குடித்தது. சுருளியும் கொஞ்சம் நீண்டு போய்க் குடித்துவிட்டு வந்து சுருண்டுகொண்டான்.

நெடுந்தூரம் போன பிறகு ஒச்சப்பனுக்கு உறைத்தது.

"எடத்த விட்டு வந்துட்டனே தாயி. அப்ப நான் தோத்துட்டேனா?"

"அது கெடக்குண்ணே. தம்பிய இழுத்துப் போட்டீங்க, அப்புறம்?"

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்திருப்பார்கள். எதற்கும் உதவாது என்று ஊர் சிரித்த வரமே உயிரைக் காப்பாற்றியது, ஆகவே அவரவர் விருப்பப்படி வளருங்கள் பிள்ளைகளே என்று கீழே எழுதிக் கேள்வியும் கேட்டிருப்பார்கள். ஆனால் சடச்சி ஒரு தப்புச் செய்தாள். மழை வந்ததும் தவசி மரத்தை விட்டு இறங்கி வந்து, "அக்கா, எப்படிக்கா ஜெயிச்ச?" என்று முதல்முறையாக அக்கா போட்டுக் கேட்டான். அவள் கதையை யாரும் அதுவரை கேட்டதில்லை. மனம் குளிர்ந்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் பேச்சுக் கிளையில் அடிப்பழம் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லோருக்கும் ஒரு பழம்தான் கிடைத்தது, அதனால் எல்லோருக்கும் 'உம்' மட்டும் வந்தது. 'அப்புறம்' வரவில்லை. புலி மானைப் பார்த்து 'உம்' என்றது. மான் புலியைப் பார்த்து 'உம்' என்றது. இரண்டும் அடுத்தவர் கதையை ஆரம்பிக்கட்டும் என்று எதிரெதிரே நின்றன. கீரிப்பிள்ளை தன் மாமியாரிடமே போய் உம் கொட்டியது, மாமியாரும் பதிலுக்குக் கொட்டினாள். காடு முழுக்கக் கேட்க ஆள் இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

ராஜாவுக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது. மூன்றாம் நாள் சமன் செய்துவிட்டார்.

"இனி ஒரு கதைக்கு ஒரு 'உம்'தான். 'அப்புறம்' எடுக்கப்படுகிறது. 'அடப் பாவமே' என்பதை என் குறைகளைக் கேட்கும்போது மட்டும் சொல்லலாம்."

மற்றவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த பில்டு என்ன என்று தவசியிடம் போனார்கள். அவர்களுக்குப் போனது ஒரு பழம். சடச்சிக்குப் போனது அவள் தின்ற மொத்தமும். மனக்குறையோடு வந்தவர்கள் ஒரு 'உம்' கேட்டுவிட்டு, அதற்கு மேல் அவள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, மெல்ல எழுந்து போனார்கள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். தான் ஏன் வாயைக் கொடுத்தோம் என்று அவள் அழுதாள். சுருளி என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் சுருண்டு கிடந்தான்.

மறுபடி கோடை வந்தது. குட்டி வளர்ந்திருந்தாலும் மலையைச் சுற்றும் அளவுக்குக் கால் நீளவில்லை. சடச்சி பழையபடி இடுக்குக்குப் போனாள். ஒச்சப்பன் தூரத்திலேயே அவள் நடையைக் கேட்டு முகம் மலர்ந்து நின்றான்.

"வா தாயி. எங்க விட்டோம்? ஆங், அதுக்கப்புறம் போன மழையில தம்பி பொண்டாட்டி ஒரு சேதி சொல்லிவிட்டா."

"உம்."

"அவ என்ன சொல்லிவிட்டான்னா..." என்று அவன் நிறுத்தினான். அடுத்த உம்முக்காகக் காத்திருந்தான். சடச்சி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

"என் வரத்தக் கொறைச்சுட்டாங்கண்ணே" என்றாள். "ஒண்ணுக்கு மேல வராது. நீங்க சொல்லுங்க, நான் கேக்கத்தான் செய்யிறேன்."

ஒச்சப்பன் முயன்று பார்த்தான். "அவ சொன்னா... அதாவது அவ..." என்று தொடங்கிய இடத்திலேயே நின்றான். உம் கொட்ட ஆள் இல்லாமல் கதை சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொண்டை வரை வந்தது அப்படியே திரும்பிப் போய்விடும். பேச்சு வராததால் நடை வரவில்லை. நடை வராததால் இடுக்கு திறக்கவில்லை.

"எனக்கும் விடணும்னு ஆசதான் தாயி. ஜெயிக்காம விட்டா என் தோல உரிச்சிருவாரு. மன்னிச்சுக்க."

குட்டி அழக்கூட ஈரமில்லாமல் விக்கியது. ஒச்சப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் காலைத் தூக்கிப் பாறையில் ஓங்கி மிதித்தான். அந்தச் சத்தத்தில், சடச்சியின் பின்னாலேயே வந்து மேட்டில் பதுங்கியிருந்த சுருளி சுருண்டான். சுருண்டவன் சரிவில் உருண்டு, நேராக ஒச்சப்பன் மூக்கடியில் வந்து நின்றான்.

"இது யாரு?"

"எங்க வீட்டுக்காரருண்ணே."

ஒச்சப்பன் குனிந்து மூச்சு விட்டு மோந்து பார்த்தான். சுருளி உள்ளுக்குள் நடுங்கினான். செதிலோடு செதில் உரசி 'ம்ர்ம்' என்று ஒரு ஒலி வந்தது. ஒச்சப்பனின் காது நிமிர்ந்தது. இலை உதிர்வதையே இடியாகக் கேட்கும்படி ராஜா கூட்டிவிட்ட காது அது.

"அவ சொல்லிவிட்டா தாயி," என்றான் ஒச்சப்பன் சந்தேகத்தோடு, பந்தைப் பார்த்துக்கொண்டே. "மூத்தவரு வராம எங்களுக்கு என்ன விசேஷம்னு."

'ம்ர்ம்.'

"என்னைய மறக்கல அவ. கேட்டியா?"

'ம்ர்ம்ம்.'

ஒச்சப்பனுக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. பந்தை மூக்கால் மெதுவாகத் தள்ளினான், அது உருண்டது. அதன் பின்னாலேயே நடந்துகொண்டு கதையைத் தொடர்ந்தான். அவன் குரல் உயரும் இடத்தில் சுருளி அதிகமாக நடுங்கினான். குரல் தழையும் இடத்தில் லேசாக நடுங்கினான். குறுக்கே பேசவில்லை. தன் கதையைச் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. அப்படி ஒரு உம்மை அந்த மரம் காய்த்ததே கிடையாது.

"உம் வீட்டுக்காரரு எவ்வளவு பொறுமையா கேக்குறாரு தாயி" என்று ஒச்சப்பன் தூரத்திலிருந்து கத்தினான்.

சடச்சி குட்டியை இழுத்துக்கொண்டு குட்டைக்கு ஓடினாள். குட்டி குடித்தது. அவளும் குடித்தாள். பிறகு தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை காலம் வீட்டில் பந்தோடு சண்டை போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த நடுக்கத்தை அவள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

சேதி குகைக்குப் போய்விட்டது. மழை விழுவதற்கு முன்பே ஆள் வந்து கூப்பிட்டது. ராஜா முன்னால் சடச்சி நின்றாள். மேல் கிளையில் தவசி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உன் வரத்தைத்தான் சமன் செய்தாயிற்றே. இந்த முறை எப்படி ஜெயித்தாய்?"

சடச்சி பக்கத்தில் பார்த்தாள். ராஜாவின் குரல் கேட்டதுமே சுருளி சுருண்டிருந்தான். ஒரு பழமும் தின்னாதவன். அவனுடைய நடுக்கம் எந்தக் கிளையிலும் இல்லை. உண்மையைச் சொன்னால் சுருளல் கிளை என்று ஒன்று முளைக்கும், தவசி அதற்கொரு பில்டு சொல்லுவான், அடுத்த மழையில் ராஜா அதைக் குறைப்பார். அதன்பிறகு சுருளத் தெரியாத சுருளியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவன் நீட்டமாகக் கிடந்து நடுங்குவதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அதிர்ஷ்டம், மகாராஜா" என்றாள்.

"வேறு ஒன்றும் இல்லையா?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட? எங்க வீட்டுக்காரரு காலு எடறி விழுந்தாரு, உருண்டாரு, தண்ணி கெடைச்சுச்சு."

மேல் கிளை குலுங்கியது. தவசி அதற்குள் கிளம்பிவிட்டான். மழை விழுந்ததும் காடு மொத்தமும் அதிர்ஷ்டக் கிளையில் தொங்கியது. எல்லோரும் தின்று தீர்த்த பிறகு ராஜா நிதானமாக வந்து அதிர்ஷ்டப் பழத்தைச் சுண்டைக்காய் ஆக்கினார்.

அடுத்த கோடையில் ஒச்சப்பன் சுருளியை உருட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் வரை போனான். தம்பிக்குப் பிள்ளை பிறந்திருந்தது, சொல்ல நிறைய இருந்தது. இடுக்கு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. குட்டி வைத்திருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "இன்னிக்கு அதிர்ஷ்டம் நல்லா இருக்காம், சீக்கிரம் வாங்க" என்று சடச்சிதான் சொல்லிவிட்டு வந்தாள். முயல் குடித்தது, கீரியும் மாமியாரும் குடித்தார்கள், மான் ஜோடி ஒரு வழியாக ஒருவரையொருவர் கண்டுகொண்டு சேர்ந்து குடித்தது. எல்லோரும் தாங்கள் தின்ற பழம் வேலை செய்கிறது என்று பெருமையோடு வீடு திரும்பினார்கள். அந்த வருஷம் ஒரு குட்டியும் ஆற்று வழியில் விழவில்லை.

ராஜா அதிர்ஷ்டத்தை மறுபடி குறைத்தார். பழம் கடுகளவு ஆனது. எல்லோரும் மறுபடி குடித்தார்கள். கிளையையே வெட்டினார். அப்போதும் குடித்தார்கள். வெட்டிய கிளை யார் தலையிலும் விழாததே அதிர்ஷ்டம்தானே என்று தவசி புதிதாக ஒரு பில்டு சொல்லிக்கொண்டிருக்கிறான். ராஜா மரத்தடியில் உட்கார்ந்து பிடரியைச் சொறிந்துகொண்டு, அடுத்து எதைக் குறைப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். சடச்சி தினமும் போய் எதிரே உட்கார்ந்து, அவர் குறையைக் கேட்டு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் 'அடப் பாவமே' என்று சொல்லிவிட்டு வருகிறாள்.

நீதி: நேர்மையாக ஜெயியுங்கள். எப்படி ஜெயித்தீர்கள் என்று மேலிடம் கேட்டால் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்லுங்கள்.